பூட்டை இழுத்துப் பார்க்கிற டீச்சர்

பஸ் கிளம்பி அரைக் கிலோமீட்டர் போயிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டீச்சரின் கை மெதுவாக என் முழங்கையைத் தொடும்.

"டீச்சர், பூட்டுனோமுங்களா?"

வகுப்பறையைப் பூட்டியிருப்பார். பூட்டிவிட்டு இழுத்துப் பார்த்திருப்பார். நாலடி நடந்து, திரும்பிப் போய், இன்னொரு தடவையும் இழுத்திருப்பார். எல்லாம் நான் பக்கத்தில் நின்று பார்த்ததுதான். ஆனாலும் பஸ் நகர்ந்த உடனே அவர் மனசுக்குள் அந்தப் பூட்டு திறந்துகொள்ளும். "பூட்டியாச்சு டீச்சர், நான் பார்த்தேன்" என்பேன். "நீங்க பாத்தீங்களா? அப்ப சரிங்க" என்று இருக்கையில் சாய்ந்துகொள்வார். அடுத்த நிமிடம் வெண்டைக்காய் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

நான் விடுப்பு எடுத்த நாட்களில் கதையே வேறு. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வந்த வழியே வெயிலில் நடந்து போய், பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் புளியமரத்தடியில் நிற்பாராம். அந்தத் தடத்தில் ஓடுகிற கண்டக்டர்கள் எல்லோருக்கும் இது தெரியும். "இன்னிக்கு எறங்கலீங்களா டீச்சர்?" என்று கேலியாகக் கேட்பார்கள். "அவங்க வந்திருக்காங்கல்ல" என்று என்னைக் காட்டுவார். இந்த உலகத்தில் அவர் இரண்டாம் தடவை சரிபார்க்காமல் விட்ட ஒரே பொருள் என் வாய்ச்சொல். அதில் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம் இருந்தது.

ஏரியூர் பக்கம் உள்ளடங்கிய ஒரு கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளியில் இருவரும் வேலை பார்த்தோம். இருவருக்கும் வீடு பென்னாகரத்தில். அவர் ஐந்தாம் வகுப்பு டீச்சர். நான் ஆறிலிருந்து எட்டு வரைக்கும் அறிவியல். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனால் என்னையும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ஒல்லியான உடம்பு. தோளில் தொங்குகிற பையில் எல்லாமே இரண்டிரண்டாக இருக்கும்: இரண்டு பேனா, இரண்டு மூக்குக் கண்ணாடி, இரண்டு கைக்குட்டை, அறைச் சாவியும் அதற்கு ஒரு மாற்றுச் சாவியும். "உங்க வூட்டுக்காரருக்கும் ஒரு மாத்து வெச்சிருக்கீங்களா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. சிரித்து முடித்ததும், பையின் ஜிப்பை மூடினோமா என்று பார்த்துக்கொண்டார்.

சத்துணவை ஆசிரியர் ஒருவர் ருசி பார்த்த பிறகுதான் பிள்ளைகளுக்குப் போட வேண்டும் என்பது விதி. நாங்கள் எல்லாம் ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுவோம். டீச்சரின் முறை வந்தால் சமையல் அம்மாவுக்கு எரிச்சல் வந்துவிடும். மேலே ஒரு கரண்டி, அண்டாவின் அடியில் ஒரு கரண்டி. "அடியில பிடிச்சிருந்தா கடைசியா சாப்பிடற புள்ளைக்குத்தான அது போவும்" என்பார். முட்டைகளை ஒவ்வொன்றாக மூக்கருகே வைத்து மோந்து பார்ப்பார். "டீச்சர், புள்ளைங்க பசியில நிக்குதுங்க" என்று அந்த அம்மா முணுமுணுக்கும். "ரெண்டாந்தடவ பாக்கறதுக்கு காசா பணமா? இதோ ஆச்சுங்க" என்று அடுத்த முட்டையை எடுப்பார்.

ஒகேனக்கல்லுக்கு ஒரு தடவை பிள்ளைகளை அழைத்துப் போனோம். முப்பத்திரண்டு பேர். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வரிசையில் நிற்கவைத்து எண்ணினார். மீன் வறுக்கிற வாசனை மூக்கைத் துளைக்கிறது, பிள்ளைகள் எச்சில் ஊற நிற்கின்றன, இவர் விரலை நீட்டி எண்ணிக்கொண்டே இருக்கிறார். நாலாவது தடவை முப்பத்திமூன்று வந்தது. "ஒண்ணு கூடுது டீச்சர்" என்று என்னிடம் வந்தபோது முகமெல்லாம் வேர்த்திருந்தது. குறைந்தால்தானே பயப்பட வேண்டும், கூடினால் லாபம்தானே என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். வேறு ஏதோ பள்ளியின் பெண் குழந்தை ஒன்று எங்கள் வரிசையில் நின்று வறுத்த மீனைத் தின்றுகொண்டிருந்தது. அந்தக் குழந்தையைத் தேடி அதன் ஆசிரியர்கள் ஆற்றங்கரையெல்லாம் அலறிக்கொண்டு ஓடியது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஏன் இப்படி என்று ஒரு நாள் பஸ்ஸில் கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார். முதல் வேலை மொரப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளியில். சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு பையனின் பிறந்த வருடத்தை எழுதும்போது ஒரு எண் மாறிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பையன் வளர்ந்து, போலீஸ் வேலைக்கு ஓடிக் குதித்துத் தேறி, சான்றிதழ் பார்க்கிற அன்றைக்கு வயது தாண்டிவிட்டது என்று வெளியே அனுப்பப்பட்டான். ஊர் ஊராக விசாரித்து, காகிதக் கட்டோடு இவர் வீட்டைத் தேடி வந்திருக்கிறான்.

"திட்டுவான்னு நெனச்சேன். திட்டலீங்க. டீச்சர், இது உங்க கையெழுத்துதானான்னு மட்டும் கேட்டான். ஒருக்கா, ஒரே ஒருக்கா திரும்பிப் பாத்திருந்தா போதும்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஆனால் கேலியை விட்டேனா என்றால், விடவில்லை. பயந்தவர்களைக் கேலி செய்வது தைரியசாலிகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்களுக்குச் சுலபமான பொழுதுபோக்கு. நான் அப்படித்தான் இருந்தேன்.

பிறகு டேப் வந்தது, விரலால் தொட்டு இயக்குகிற கைக்கணினி. ஏதோ ஒரு திட்டத்தில் பரிசோதனைக்காகச் சில பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள், அதில் எங்கள் பள்ளியும் ஒன்று. பதினைந்து டேப். பாடப் புத்தகம் முழுக்க அதற்குள் இருந்தது. சும்மா இருக்கவில்லை, உயிரோடு இருந்தது. இதயத்தைத் தொட்டால் துடிக்கும். இரத்தம் எந்தக் குழாயில் போய் எதில் திரும்புகிறது என்று சிவப்பும் நீலமுமாக ஓடிக் காட்டும். விதையை விரலால் தண்ணீருக்கு இழுத்துப் போனால் முளைக்கும். வரியைத் தொட்டால் ஒரு அம்மாவின் இனிமையான குரல் வாசிக்கும். பத்து வருடமாகக் கரும்பலகையில் இதயம் என்று ஒரு மாங்காயை வரைந்துகொண்டிருந்தவள் நான். முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பொய் சொல்லவில்லை. எங்கேயோ இருக்கிற பெரிய பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது எங்கள் பிள்ளைகளுக்கும் கிடைத்துவிட்டது என்று தோன்றியது. ஆடு மேய்க்கப் போகிறேன் என்று மட்டம் போட்டவர்கள்கூட மணி அடிப்பதற்கு முன்னால் வந்து நின்றார்கள். தலைமை ஆசிரியர் டேப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்.

டீச்சர் டேப்பை வெறுத்தார் என்று நினைக்க வேண்டாம். அவருக்கும் பிடித்திருந்தது. ஆனால் அவர் அதைப் பார்த்த விதம் வேறு. மதிய இடைவேளையில் ஒரு டேப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு பாடமாகத் திறந்து, பாடத்தின் கடைசியில் வருகிற கேள்விகளுக்கெல்லாம் வேண்டுமென்றே தப்பான விடையைத் தொடுவார். சரியான விடையைத் தொட்டால் பச்சை நட்சத்திரம் விழும், கைதட்டல் கேட்கும். தப்பாகத் தொட்டால் சிவப்புக் கட்டம் வரும். அந்த இனிமையான குரல், "தவறு, மீண்டும் முயற்சி செய்" என்று சொல்லும்.

"எதுக்கு டீச்சர் தப்பு தப்பா போடறீங்க? சரியா வர்றத நீங்க பாக்க மாட்டீங்களா?" என்றேன்.

"சரியானத சரின்னு யாரு வேணாலும் சொல்லுவாங்க. தப்ப தப்புன்னு சொல்லுதான்னு பாக்கறேங்க."

இப்படி அவருடைய வகுப்புப் பாடங்களை முடித்து, என்னுடைய ஆறாம் வகுப்புப் பாடத்துக்கும் வந்துவிட்டார். அங்கேதான் அது மாட்டியது. பட்டுப்புழுவைப் பற்றிய பாடம். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பாடம் அது. புழுவின் வாயில் விரலை வைத்து இழுத்தால் நூல் வரும், சுற்றிச் சுற்றி இழுத்தால் கூடு ஆகிவிடும். கடைசியில் ஒரு கேள்வி: பட்டுப்புழு தன் வாழ்நாளில் எத்தனை முறை தோல் உரிக்கும்? மூன்று என்று தொட்டால் பச்சை நட்சத்திரம். நான்கு என்று தொட்டால் சிவப்பு.

டீச்சருக்கு இது தானாகத் தெரியவில்லை. காவேரி வந்து சொல்லியிருக்கிறாள். காவேரி என் ஆறாம் வகுப்புப் பெண், போன வருடம் அவரிடம் படித்தவள். அவளுடைய அப்பா பெங்களூரில் கட்டட வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, இருந்த கொஞ்சம் நிலத்தில் மல்பெரி நட்டு, அப்போதுதான் புழு வளர்க்க ஆரம்பித்திருந்தார். இரண்டு மூன்று தடவைதான் கூடு எடுத்திருந்தார்கள். அப்பாவுக்கு அடுத்தபடியாக அந்த வீட்டில் புழுவைப் பற்றி அக்கறையாகப் பேசுகிறவள் காவேரிதான்.

"டீச்சர், காவேரி நாலுன்னு போட்டா தப்புன்னு வருதாம். அழுதுட்டு வந்து சொல்லுது" என்றார் டீச்சர்.

"பெரிய பெரிய ஆளுங்க உக்காந்து பண்ணது டீச்சர். அதுல தப்பு வருமா?"

"பெரிய ஆளுங்க பண்ணா தப்பும் பெருசாதாங்க வரும். ஒருக்கா விசாரிச்சிருங்க."

நான் விசாரிக்கவில்லை. அவர் விசாரித்தார். தர்மபுரிக்குப் போயிருந்தபோது பட்டுக்கூடு விற்கிற இடத்துக்கே போய், நாலு விவசாயிகளைக் கேட்டு, அங்கே இருந்த அலுவலர் ஒருவரையும் கேட்டு வந்தார். நாலுதான். நாலு தடவை புழு தின்பதை நிறுத்தித் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும், தூங்குகிற மாதிரி. எழுந்தால் பழைய தோல் கழன்றிருக்கும். டீச்சர் இதை எழுதி, மேலே யாருக்கு அனுப்ப வேண்டுமோ அவர்களுக்கு இரண்டு பிரதி அனுப்பினார். பதில் வரவில்லை. அடுத்த தடவை புதுப்பிக்கும்போது தானாகச் சரியாகிவிடும் என்று நான் சமாதானம் சொன்னேன். ஒரு கேள்விதானே என்று எனக்குத் தோன்றியது. இதயம் துடித்துக் காட்டுகிற ஒரு பொருளிடம் போய் இந்தச் சின்னத் தப்புக்காகச் சண்டை போடலாமா?

அந்தச் சமயத்தில்தான் மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. எங்கள் பள்ளியில் டேப் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டு, மற்றப் பள்ளிகளுக்கும் கொடுப்பதா, கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வதா என்று முடிவு செய்வார்களாம். எதைச் செய்து காட்டுவது என்று யோசிக்க ஆரம்பித்தேன். அழகான பாடம் எது? பட்டுப்புழுதான். பயப்படாமல் செய்து காட்டுகிற பிள்ளை யார்? காவேரிதான். புழு வளர்க்கிற வீட்டுப் பெண் புழுவைப் பற்றிய பாடத்தைத் தொட்டுக் காட்டினால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்று தலைமை ஆசிரியரும் தலையை ஆட்டினார்.

முந்தின நாள் காவேரியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பழக்கினேன். அந்தக் கேள்வி வந்ததும் அவள் விரல் நான்கின் மேல் போய் நின்றது.

"மூணத் தொடு காவேரி."

"எங்கூட்ல நாலுன்னு சொல்லுவாங்க டீச்சர். எங்கப்பா அத ஜொரம்னு சொல்லும். நாலு ஜொரம்."

"வூட்ல நடக்கறது வேற, பாடம் வேற. சிவப்பு வந்தா வந்தவங்க என்ன நெனப்பாங்க? மூணத் தொடு."

அவள் என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மூன்றைத் தொட்டாள். பச்சை நட்சத்திரம் விழுந்தது. "அவ்ளோதான்" என்று அவள் முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

மறுநாள் எல்லாம் நினைத்ததைவிட நன்றாக நடந்தது. காவேரி விரலை இழுத்துக் கூடு கட்டினாள். மூன்றைத் தொட்டாள். டேப்பும் கைதட்டியது, வந்தவர்களும் கைதட்டினார்கள். அந்த அதிகாரி நல்ல மனிதர். குனிந்து அவளிடம் கேட்டார், "உங்க வீட்லயும் புழு வளக்கறீங்களாமே, அங்கயும் மூணு தடவதானா?" காவேரி என்னைப் பார்த்தாள். நான் மெல்லத் தலையசைத்தேன். "மூணுதாங்க" என்றாள். வகுப்பின் கடைசியில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். தோள்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்று பஸ்ஸில் அவர் பூட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"அந்தப் புள்ள இப்ப எத நம்புது டீச்சர்?" என்றார்.

"ஒரு நாள் கூத்து டீச்சர். அவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிதான் இருந்துச்சி. இப்ப தெரியுமான்னு கேக்கறேன். நாளைக்கு தனியா கூப்புட்டு, நாலுதான் சரி, டேப்ல தப்பா இருக்குதுன்னு சொல்லிருங்க."

"நீங்களே சொல்லிருங்களேன். உங்க பேச்சத்தான் அவ கேப்பா."

"நான் சொல்லக் கூடாதுங்க. பதிவேட்டுல தப்பா எழுதுனா யாரு அடிச்சி கையெழுத்து போடறது? எழுதுனவங்கதான. வேற ஆளு அடிச்சா அது செல்லுமா? நீங்கதான் சொல்லணும்."

சரி என்றேன். மறுநாள் மறந்துவிட்டேன். அதற்கு அடுத்த நாள் புகைப்படங்களோடு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. டீச்சர் தினமும் கேட்டார். "சொல்லிட்டீங்களா?" "இன்னும் இல்ல டீச்சர்." "சொல்லிட்டீங்களா?" "நாளைக்கு." ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தோம். தலைவலி வேறு. "சொல்லிட்டீங்களா டீச்சர்?" என்று மறுபடியும் ஆரம்பித்தார்.

"சொல்லிட்டேன் டீச்சர்" என்றேன்.

"சொல்லிட்டீங்களா? அப்ப சரிங்க."

கம்பியைப் பிடித்திருந்த கையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். மறுநாளே சொல்லிவிட வேண்டும், பொய்யை மெய்யாக்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு பருவத் தேர்வு வந்தது. டேப்கள் தொடர்ந்து எங்களிடமே இருக்கும் என்று உத்தரவும் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் மற்றதெல்லாம் போய்விட்டது. டீச்சர் அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. காவேரியிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, நான்தான் சொல்லிவிட்டேனே.

ஒரு திங்கட்கிழமை காவேரி வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது டீச்சரின் வழக்கம், அது யார் வகுப்புப் பிள்ளையாக இருந்தாலும் சரி. சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

வீட்டை ஒட்டிப் புழுக் கொட்டகை. காவேரியின் அப்பா வெளியே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க டீச்சர். புள்ளைக்கு ஒண்ணுமில்லீங்க. வெக்கப்பட்டுகிட்டு வர மாட்டேங்குது."

கொட்டகைக் கதவைத் திறந்து காட்டினார். அடுக்கடுக்கான தட்டுகளில் பாதிக்கு மேல் காலி. வெறும் காய்ந்த தழைக் காம்புகள். மீதித் தட்டுகளில் புழுக்கள் தழையை மென்றுகொண்டிருந்தன. அவர் சொன்னதை நான் அப்படியே சொல்கிறேன்.

"மொரப்பூர்ல எங்க பெரியப்பா தவறிட்டாருங்க. நானும் அவங்கம்மாளும் சனிக்கெழம காலைல போனோம், ஞாயித்துக்கெழம சாயந்தரம் வந்தோம். தழ வெட்டிப் போட பக்கத்து வூட்ல சொல்லிட்டு, புழுவப் பாத்துக்கன்னு இதுகிட்ட சொல்லிட்டுப் போனேன். எதுனா திங்காம கெடந்தா பொறுக்கித் தூரப் போட்டுடு, நோவு மத்ததுக்கும் ஒட்டிக்கும்னு நான்தான் சொன்னேன். புழு நாலாவது ஜொரத்துக்குப் படுத்திருக்குது. இந்தப் புள்ள அத நோவுன்னு நெனச்சிடுச்சி. பொறுக்கிப் பொறுக்கி சுண்ணாம்புக் குழில போட்டிருக்குது. ரெண்டு நாளும் சோறு திங்காம போட்டிருக்குது."

குஞ்சுப் புழுக்களை வளர்த்துத் தருகிற இடத்திலிருந்துதான் அவர்கள் வாங்கிவருவார்கள். வாங்கும்போதே புழு இரண்டு தடவை தூங்கி எழுந்திருக்கும். வீட்டில் இன்னும் இரண்டு. மொத்தம் மூன்றுதான் என்று யாராவது நம்பிவிட்டால், வீட்டில் ஒன்றோடு முடிந்தது என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு ஒரு புழு தின்பதை நிறுத்தினால் அது நோய்தான். ஒன்றைப் பொறுக்கிப் போட்டால் இன்னொன்று நின்றிருக்கும். அதையும் பொறுக்கினால் பக்கத்தில் பத்து நின்றிருக்கும். அந்தக் குழந்தை தனியாக அந்தக் கொட்டகைக்குள் இரண்டு நாள் எப்படிப் பதறியிருக்கும்?

காவேரி மல்பெரித் தோட்டத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். விரல்நுனியெல்லாம் சுண்ணாம்பு பட்டு வெந்து தோல் உரிந்திருந்தது. டீச்சர் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நாலுன்னு நீதான கண்ணு என்கிட்ட வந்து சொன்ன?"

"டேப்ல மூணுன்னு இருந்துச்சிங்க. அன்னிக்கு எல்லாரும் கை தட்டுனாங்க. அப்பாதான் தப்பா சொல்லுதுன்னு நெனச்சிட்டேன்."

"அதுக்கப்பறம் டீச்சர் உன்ன கூப்புட்டு, நாலுதான் சரின்னு சொன்னாங்கல்ல?"

காவேரி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அதிகாரி கேட்டபோது எப்படிப் பார்த்தாளோ அதே பார்வை. நான் தலையசைக்கவில்லை. ஆனால் வாயையும் திறக்கவில்லை.

"சொன்னாங்க" என்றாள். "நாந்தான் மறந்துட்டேன்."

டீச்சர் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையும் இரண்டு தடவை கேட்கிறவர், அதை இரண்டாவது தடவை கேட்கவில்லை. பையிலிருந்து தேங்காய் எண்ணெய்ச் சீசாவை எடுத்து ஒவ்வொரு விரலாகத் தடவிவிட்டார். "நாளைக்கு பள்ளிக்கூடத்துக்கு வா கண்ணு. உன்ன யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார்.

பஸ்ஸுக்கு நடந்து வருகிற வழியில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

"நான் அவகிட்ட சொல்லல டீச்சர்."

"தெரியுதுங்க. அந்தப் புள்ள உங்களப் பாத்துட்டுத்தான சொல்லுச்சி."

திட்டிவிட்டால் தேவலை என்று இருந்தது. அவர் திட்டவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரிச் சொன்னார்.

"என் தப்புங்க. அவகிட்ட நான் ஒருக்கா கேட்டிருக்கணும்."

அதற்குப் பிறகு நடந்ததில் நல்லதும் உண்டு. அடுத்த நாளே ஆறாம் வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் நின்று, டேப்பிலும் தப்பு, நான் சொன்னதும் தப்பு என்று சொன்னேன். மீதிப் புழுக்கள் கூடு கட்டின. அடுத்த தொகுதிப் புழு வந்தபோது காவேரி ஒரு தட்டில் கொஞ்சம் கொண்டுவந்தாள். அதை மேசையில் வைத்து, பக்கத்தில் டேப்பையும் வைத்து, எது எப்போது தூங்குகிறது என்று பிள்ளைகளே பார்த்து எழுதினார்கள். அதிலிருந்து பிள்ளைகளுக்கு அது ஒரு பழக்கமாகிவிட்டது. டேப் எது சொன்னாலும், வெளியே போய்ப் பார்க்க முடிந்தால் பார்த்துவிட்டு வருவார்கள். இன்னும் இரண்டு தப்புகளைக் கண்டுபிடித்தார்கள். டீச்சரின் கடிதம் எங்கெங்கோ சுற்றிவிட்டு, அடுத்த வருடம் அந்தக் கேள்வியும் திருந்தியது. திருந்திய அன்றைக்கு டீச்சர் மூன்றைத் தொட்டார். சிவப்பு வந்தது. இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். சிவப்புதான்.

அதெல்லாம் பிறகு. காவேரி வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் சாயங்காலம் வழக்கம்போலப் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குக் கூட்டம் இல்லை. பஸ் கிளம்பி அரைக் கிலோமீட்டர் போயிருக்கும். என் முழங்கையில் கை படும் என்று காத்திருந்தேன். படவில்லை. டீச்சர் பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானே சொன்னேன். "பூட்டியாச்சு டீச்சர். நான் பார்த்தேன்."

"சரிங்க டீச்சர்" என்றார்.

அடுத்த நிறுத்தம் வந்தது. டீச்சர் எழுந்தார். என் முழங்காலைத் தாண்டிக் கவனமாகக் காலை வைத்து, கம்பியைப் பிடித்துப் பிடித்துப் படிக்கட்டுக்குப் போனார். கண்டக்டர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவங்கதான் வந்திருக்காங்களே டீச்சர்" என்றார்.

டீச்சர் இறங்கி, புடவைத் தலைப்பை வெயிலுக்குத் தலையில் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தைப் பார்த்துத் திரும்பி நடக்க ஆரம்பித்தார்.